தழும்பு இருக்கும் பக்கம்

சீலிங்குக்கு உப்புத்தாள் போட்ட நாளில் அவளால் தட்டைப் பார்த்துச் சாப்பிட முடியாது. காலையிலிருந்து அண்ணாந்தே நின்று தேய்த்த கழுத்து, வீட்டுக்கு வந்த பிறகும் குனிய மறுக்கும். தட்டை மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே துழாவி அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். பின்கழுத்தில் கம்பியைச் சொருகி யாரோ முறுக்கிக்கொண்டே இருப்பதுபோல வலிக்கும். வேலையிடத்தில் எல்லோரும் 'ஏணி' என்று கூப்பிடுகிற நெட்டைப் பெயிண்டர் ஒருநாள் அவள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, "கோழி தண்ணி குடிக்கிற மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து தட்டைத் தூக்கும்போதெல்லாம் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வரும்.

அன்றும் அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமியார் கேட்டாள்.

"இன்னிக்கும் சீலிங்கா?"

"உங்களுக்கு எப்படித் தெரியுது அத்தை?"

"தட்டைக் கீழ வச்ச சத்தம் கேக்கலையே."

மாமியாருக்குக் கண் நரம்பு பட்டுப்போய்க்கொண்டிருந்தது. ஓரமெல்லாம் போய்விட்டது. நடுவில், குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்ப்பதுபோல் கொஞ்சம் மிச்சம். அதுவும் மங்கல். போனது போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் கொஞ்ச காலம் பிடித்துவைக்கலாம் என்றார் கண் டாக்டர். எவ்வளவு காலம் என்று கேட்டதற்கு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சாப்பிட்டு முடிக்கும்போது போன் அடித்தது. அவள் புருஷன். கடல் தாண்டிய ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். போய் நாலு வருஷம். ஒவ்வொரு வருஷமும் லீவு வரும், ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போகும். கிரேன் கூண்டுக்குள்ளிருந்துதான் பேசுவான். தலையில் ஹெல்மெட், அதன் நிழலில் பாதி முகம். அவள் போனை மாமியாரின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அம்மா, தெரியுறேனா?"

மாமியார் போனை வாங்கி மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள். கண்ணாடி பளபளத்ததே தவிர வேறொன்றும் இல்லை.

"தெரியுறடா, தெரியுற. இளைச்சிருக்கே," என்றாள்.

போனை வைத்த பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"குரல்தான் வருது. ஆள் வரலை. ஏம்மா, நீ சுவர்ல படம் கிறுக்குவியாமே? அவன் சொல்லுவான். அவனை எனக்குப் பெருசா ஒண்ணு போட்டுக் குடேன். இந்தக் கண்ணு மூடுறதுக்குள்ள ஒருவாட்டி மூஞ்சியைப் பாத்துக்கிறேன்."

"கண்ணு மூடுறதுன்னெல்லாம் பேசாதீங்க அத்தை."

"நான் சாகறதைச் சொல்லலைடி. கண்ணை மட்டும்தான் சொன்னேன். உன்னை அவ்வளவு சீக்கிரம் விட்டுட்டுப் போயிடுவேனா?"

கிறுக்குவாள் என்பது உண்மைதான். புதுச் சுவரில் பட்டி மாவைப் பூசி மட்டம் பார்ப்பதற்கு முன்னால், தச்சர் விட்டுப்போன தட்டையான பென்சிலால் அதில் எதையாவது போட்டுவைப்பாள். வாளி, செருப்பு, தூங்குகிற மேஸ்திரி. அரைமணி நேரத்தில் பட்டி அதை மூடிவிடும். மூடிப்போவதால்தான் துணிச்சல் வந்தது. கோணலாகப் போட்டாலும் கேட்க ஆளில்லை. ஆனால் மாமியாருக்குப் போடுகிற படத்தைப் பட்டி வந்து மூடாது.

அவனுடைய போட்டோக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். வேலை முடிந்து குளித்துவிட்டு அவனே கையை நீட்டி எடுத்துக்கொண்டது. ஹெல்மெட் இல்லை. கம்பெனியின் நீலச்சட்டை, நெஞ்சில் அந்த ஊர் எழுத்தில் கம்பெனிப் பெயர். புருவத்தை வெட்டிக்கொண்டு போகிற தழும்பு தெளிவாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனரிக் கடையில் ஒரு பெரிய தாளும் நல்ல பென்சிலும் வாங்கி வந்து, போனைச் சொம்பில் சாய்த்துவைத்து ஆரம்பித்தாள்.

முதல் படத்தில் கண்கள் நெற்றிக்கு ஏறிவிட்டன. மூக்கு வாளிப்பிடி மாதிரி தொங்கியது. யாரோ ஒருத்தியின் கை மட்டும் வந்து வரைந்து காட்டுகிற வீடியோக்களைப் போனில் பார்த்தாள். தலைக்கும் தாடைக்கும் நடுவில்தான் கண் இருக்கிறது என்பது அவளுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. வேலையிடத்தில் மத்தியானச் சாப்பாட்டின்போது ஏணியின் முகத்தைச் சாண் போட்டு அளந்தாள்.

"என்ன, சவப்பெட்டிக்கு அளவா?" என்றான் ஏணி.

"உன்னை அளக்க ரெண்டு பெட்டி வேணும். சும்மா இரு."

ஐந்தாறு தாள்கள் கிழிந்த பிறகு, ஓரளவு அவன் மாதிரி ஒருவன் வந்தான். எடுத்துக்கொண்டுபோய் ஜன்னலோரம் மாமியாரின் கையில் கொடுத்தாள். மாமியார் தாளைத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.

"எந்தப் பக்கம் போட்டிருக்கே?"

பென்சில் கோடு அந்தக் கண்ணுக்கு எட்டவில்லை. கிழவி பொய் சொல்லித் தேற்றுகிற ஜாதி இல்லை. மகனிடம் சொல்வாள், மருமகளிடம் சொல்ல மாட்டாள். "வெறும் தாளைக் கொடுத்து ஏமாத்துறியோன்னு பாத்தேன்," என்றாள்.

அடுத்து கரிக்குச்சி. கடைக்காரி அதைத்தான் சொன்னாள், நல்ல கறுப்பாக வரும் என்று. வந்தது. முடியைப் போடும்போது குச்சி நொறுங்கிக் கறுப்பு அப்பிக்கொண்டது, விரலால் தேய்த்தால் கன்னத்து நிழல் தானாக வந்தது. பென்சிலில் ஒரு மாதம் தவித்தது கரியில் ஒரு மத்தியானத்தில் கைகூடியது. கண் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்து அவளைப் பார்த்தது. அவள் எழுந்து நின்று, தள்ளிப்போய்ப் பார்த்து, திருப்தியாகி, பக்கத்தில் கிடந்த துணியை எடுத்துப் படத்தை மேலிருந்து கீழாகத் தட்டித் துடைத்துவிட்டாள்.

உப்புத்தாள் போட்டு முடித்ததும் சுவரைத் துணியால் தட்டித் துடைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். தூசு நின்றால் பெயிண்ட் ஒட்டாது. பதினைந்து வருஷப் பழக்கம், கை அவளைக் கேட்கவில்லை. மேஸ்திரிகூட இதைப் பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார். தாளில் ஒரு சாம்பல் மேகம் மட்டும் இருந்தது.

இரண்டாவது கரிப்படத்தைத் துடைக்காமல் மாமியாரிடம் கொண்டுபோனாள். மாமியார் குழாய்ப் பார்வையைத் தாளில் இங்குமங்கும் நகர்த்தினாள். ஓரிடத்தில் நின்றாள்.

"மூக்கு!"

"ஆமா அத்தை."

"மூக்கு தெரியுதுடி! அவங்கப்பன் மூக்கு. இது என்ன, வாயா? மீசை வச்சிருக்கானா இப்போ?"

"நிழலு அத்தை அது."

மாமியார் கையை நீட்டிக் கன்னத்தைத் தடவினாள். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே தடவினாள். சின்ன வயசில் கன்னம் இப்படி இருக்கும், அப்படி இருக்கும், கிள்ளினால் சிவக்கும் என்று. அவள் தடுப்பதற்குள் கன்னம் காதுவரை இழுபட்டு, கண் ஒன்று கலைந்து, முகம் புகையாகிவிட்டது. விரலைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தாள் மாமியார். கறுப்பாக இருந்தது.

"அழிச்சுட்டேனா?"

"வேற போட்டுக்கலாம் அத்தை."

"தொட்டா நிக்கிற மாதிரி போடு," என்றாள். அன்று சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

தொட்டால் நிற்க வேண்டும், நிறமும் வேண்டும் என்று யோசித்து வாட்டர்கலர் டப்பா வாங்கினாள். கடைக்காரி கேட்டாள், எதற்கு என்று. வரைய என்றாள். "பெயிண்டர்தானே நீங்க, உங்களுக்குத் தெரியாததா?" என்று கடைக்காரி சொன்னது அவளுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. பெயிண்டர் செய்கிறபடியே செய்தாள். தாளுக்கு முதலில் மெல்லிசாக உப்புத்தாள் போட்டாள். பிறகு வேலையிடத்திலிருந்து டப்பாவில் கொண்டுவந்த ப்ரைமரை ஒரு கோட்டு அடித்துக் காயவைத்தாள். ப்ரைமர் இல்லாமல் எந்தப் பரப்பில் கலர் நிற்கும்? கலரைக் கரைத்துப் பிரஷ்ஷை வைத்தால், நீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. எண்ணெய் தடவிய இலையில் தண்ணீர் ஊற்றியதுபோல.

தாளைத் தாளாகவே விட்டுவிட வேண்டும் என்பது புரிய ஒரு வாரம் ஆனது. அதைவிடக் கஷ்டம் வெள்ளை. அந்த டப்பாவில் வெள்ளைக்கு வேலையே கிடையாதாம். எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே அடிக்காமல் விட வேண்டுமாம். வீடியோவில் அந்தக் கை, மூக்கு நுனியை விட்டது, கண்மணியில் ஒரு புள்ளியை விட்டது. அவளால் முடியவில்லை. விட்டுப்போன இடத்துக்காக எத்தனை வசவு வாங்கியிருக்கிறாள்! "கண்ணு எங்க இருக்கு, பிடரியிலயா? அந்த மூலையை யாரு, உங்கப்பனா வந்து அடிப்பான்?" என்று மேஸ்திரி கத்துவது காதிலேயே நின்றது. விட வேண்டிய இடத்துக்குப் பிரஷ் தானாகப் போய்விடும். ரெண்டாவது கோட்டும் போட்டுவிடும். அடித்து முடித்தால் நல்ல சமமான, ஒரு புள்ளி விடாத, செத்த முகம். சேறு பூசிய மாதிரி.

ஏணியிடம் ஒருநாள் காட்டினாள்.

"ஃபினிஷிங் நல்லா இருக்கு," என்றான் அவன். "ஆளு யாரு?"

சிரித்துவிட்டாள். பிறகு பட்டி வாளியைக் கிளறுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். ஆள் யார் என்று தெரியவில்லையே. வருஷம் பூராவும் அந்த ஆளை நினைத்துக்கொண்டுதான் தேய்க்கிறாள். அவன் உள்ளங்கையின் சொரசொரப்பு, குளித்துவிட்டு வந்தால் வரும் சோப்பு வாடை, தூங்கும்போது காலைத் தூக்கி அவள்மேல் போடுகிற கனம், எல்லாம் உடம்பில் இருக்கிறது. கைக்கு வந்து தாளில் இறங்க மாட்டேன் என்கிறது.

ஏணிதான் யோசனை சொன்னான். "உனக்குத் தெரிஞ்சதுல செய்யேன். தாளை விட்டுத் தொலை."

மரவேலைக்காரர்கள் ஒதுக்கிவைத்த பிளைவுட் துண்டு ஒன்றை, கதவில் பாதி இருக்கும், மேஸ்திரியிடம் கேட்டு வாங்கித் தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பட்டி பார்த்தாள். தேய்த்தாள். துணியால் துடைத்தாள், இப்போது துடைக்கலாம். ப்ரைமர் அடித்தாள். வேலையிடத்து டப்பாக்களின் அடியில் நின்ற எனாமல் பெயிண்டை மேஸ்திரி எடுத்துக்கொள்ளச் சொன்னார். கறுப்பு, வெள்ளை, மஞ்சள், இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற செங்காவி. அந்த நாலும்தான். எனாமல் சீக்கிரம் காயாது, ஒன்றன்மேல் ஒன்றை அவசரப்பட்டு வைத்தால் வழியும். காத்திருக்க அவளுக்குத் தெரியும். வெள்ளையைக் கடைசியில் மேலே வைத்துக்கொள்ளலாம் என்பது பெரிய நிம்மதி. விட வேண்டியதில்லை, வைத்தால் போதும். மூக்கு நுனியில் வைத்தாள். கண்மணியில் பிரஷ் முனையால் ஒரு புள்ளி வைத்தாள். வைத்ததும் பின்வாங்கினாள். அவன் இருந்தான்.

தழும்புக்குப் பெயிண்டைக் கெட்டியாக வழித்து ஒரு வரப்பு மாதிரி வைத்தாள். சட்டை எழுத்துகளை, அர்த்தம் தெரியாவிட்டாலும், வளைவு நெளிவு தப்பாமல் பார்த்துப் பார்த்துப் போட்டாள்.

முழுக்கக் காய்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெளிச்சத்தில் பலகையைச் சுவரோடு நிறுத்தி மாமியாரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தாள்.

மாமியார் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, குழாய்க்குள் அகப்பட்டதை எல்லாம் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"கறுத்துட்டான்," என்றாள் கடைசியில். "வெயிலு."

"தொடலாம் அத்தை. அழியாது."

மாமியார் வலது கையை நேராக நீட்டினாள். அது தேடவில்லை, தயங்கவில்லை. படத்தின் வலப்பக்கத்துப் புருவத்தில் போய் நின்றது. அங்கே வழுவழுவென்று இருந்தது. விரல் இரண்டுமுறை முன்னும் பின்னும் போனது. பிறகு மெல்ல நகர்ந்து, மூக்கைத் தாண்டி, அந்தப் பக்கத்துப் புருவத்தில் வரப்பைக் கண்டுபிடித்தது.

"இங்க எதுக்கு வச்சே?"

"தழும்பு அத்தை."

"தழும்பு தெரியுது. இந்தப் பக்கம் எதுக்கு வச்சேங்கறேன். அவனுக்கு இடது புருவத்துல."

"இல்ல அத்தை, வலதுதான். போட்டோவைப் பாத்துத்தானே போட்டேன். இதோ..."

"போட்டோவைக் கொண்டுபோய்க் குப்பையில போடு. கல்லு சுமக்கிற இடத்துல விழுந்தான். எழுப்பி என் எதிர்ல நிக்க வச்சு, இந்தக் கையாலதான் அமுக்கிப் பிடிச்சேன்." வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "ரத்தம் முழங்கை வரைக்கும் ஒழுகிச்சு. எதிர்ல நிக்கிறவனுக்கு அது இடதா வலதா? நீயே சொல்லு."

"உங்களுக்கு ஞாபகம் மாறியிருக்கும். எத்தனை வருஷம் ஆச்சு."

"எனக்கா?" என்றாள் மாமியார். சுவரைத் தடவிக்கொண்டே கட்டிலுக்குத் திரும்பினாள்.

மத்தியானம் மாமியார் வாசல்பக்கம் காற்றுக்குப் போய் உட்கார்ந்தபோது, அவள் உள்ளே கட்டிலில் படுத்தாள். அவனோடு இருந்த நாட்களில் தூக்கம் வருகிறவரை அந்தத் தழும்பைக் கட்டை விரலால் நீவிக்கொண்டிருப்பாள். அது அவளுக்குத் தெரியும். எந்தக் கையின் கட்டை விரல்? வலப்பக்கம் திரும்பிப் படுத்து இடது கையை நீட்டிப் பார்த்தாள். சரியாக இருப்பதுபோல் இருந்தது. இடப்பக்கம் திரும்பி வலது கையை நீட்டினாள். அதுவும் சரியாகத்தான் இருந்தது. அப்போது இருந்த ஒற்றை அறையில் கட்டில் சுவரோரம் கிடந்தது. சுவர்ப்பக்கம் படுத்தது அவளா அவனா? இந்த வீட்டுக்கு வந்தபோது கட்டிலை மாற்றிப் போட்டார்கள், அவன் அதற்கு முன்பே போய்விட்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டு அவனை வரவழைத்தாள். வந்தான். வலது புருவத்தில் தழும்போடு வந்தான். அவள் போட்ட படம்தான் வந்தது.

சாயங்காலம் போன் வந்ததும் மாமியார் முந்திக்கொண்டாள்.

"ஹெல்மெட்டைக் கழட்டுடா."

"டியூட்டில கழட்டக் கூடாதும்மா. ஃபைன் போடுவாங்க."

"கழட்டுன்னா கழட்டு. தழும்பு எந்தப் புருவத்துல இருக்கு?"

"என்னம்மா இது, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி கேக்கறே? இடது புருவம். ஏன்?"

அவள் மாமியாரிடமிருந்து போனை வாங்கிப் பலகையின் பக்கம் திருப்பினாள்.

"நீயா போட்டே?" என்றான். குரல் இறங்கியிருந்தது. "நான் இவ்வளவு அழகாவா இருக்கேன்?" பிறகு சிரித்தான். "ஆமா, எங்க கம்பெனி பேரை ஏன் திருப்பி எழுதியிருக்கே? கண்ணாடியில பாக்கற மாதிரி இருக்கு."

"நீங்க அனுப்பின போட்டோல அப்படித்தான் இருந்துச்சு."

"அடியே, அது நானே எடுத்தது. இந்த போன்ல முன்பக்கம் வச்சு எடுத்தா இடம் வலமா, வலம் இடமா திருப்பித்தான் வரும். எழுத்தைப் பாத்தா தெரியாதா?"

"அந்த எழுத்து எனக்கு எங்க தெரியும்?"

"எழுத்து தெரியாது சரி," என்றான். "என்னைத் தெரியாதா?"

விளையாட்டுக்குத்தான் சொன்னான். அவனுக்குக் கீழே யாரோ விசிலடித்துக் கூப்பிட்டார்கள். லீவு என்ன ஆச்சு என்று கேட்கவும் நேரமில்லாமல் வைத்துவிட்டான்.

மாமியார் ஜெயித்துவிட்டாள். குத்திக்காட்டப்போகிறாள் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டால் பதிலுக்கு நாலு சொல்லிவிட்டு அழலாம். மாமியார் கட்டிலில் தனக்குப் பக்கத்தைத் தட்டிக் காட்டினாள். அவள் போய் உட்கார்ந்தாள்.

"நான் பெத்தேன். நீ படுத்தே," என்றாள் மாமியார். "நம்ம ரெண்டு பேரும் மறந்துட்டா அங்க இருக்கிறவனுக்கு வேற யாருடி இருக்கா?"

"தழும்பை மட்டும் மாத்தினா பத்தாது அத்தை. மூக்கு சாஞ்சிருக்கிறது, வகிடு, வாய்க்கோணல், எல்லாமே திரும்பியிருக்கு. மூஞ்சி மொத்தமும் தப்பு."

"அப்ப மொத்தத்தையும் எடு. என்கிட்ட கண்ணு மிச்சம் இருக்கும்போதே எடு."

"இது அவர்தானேன்னு வச்சுக்கலாமே. நல்லாத்தானே வந்திருக்கு."

"நல்லாத்தான் இருக்கான். ஆனா இவனை நான் பெக்கலை."

அடுத்த ஞாயிறு வரை அவள் அதைத் தொடவில்லை. அந்த வாரம் முழுக்க சீலிங்தான். தட்டை மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்துச் சாப்பிடும்போது எதிர்ச் சுவரில் அவன் இருந்தான், வலது புருவத்தில் தழும்போடு. பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். நாலு வருஷத்தில் அவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டது அந்த ஒரு வாரம்தான். தப்பானவனாக இருந்தாலும் துணையாகத்தான் இருந்தது.

ஞாயிறு காலையில் பலகையை வாசலுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தாள். கெட்டி உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மரக்கட்டையில் சுற்றிக்கொண்டாள். நெற்றியில்தான் ஆரம்பித்தாள், அதுதான் சுலபம். கண்ணுக்கு வந்தபோது கை நின்றது. பிறகு தேய்த்தது. எனாமல் லேசில் போகாது. தேய்க்கத் தேய்க்கச் செங்காவியும் கறுப்பும் குழைந்து ஓடி, முழங்கை வரை ஒழுகியது. இதுவரை அவன் அனுப்பியதெல்லாம் தானே எடுத்துக்கொண்டவை. போனில் அவனிடம் வேறொரு போட்டோ கேட்டிருந்தாள், வேறு யாராவது எதிரில் நின்று எடுத்ததாக. எடுத்துத் தர ஆள் பார்த்து அனுப்புகிறேன் என்றிருந்தான். இன்னும் வரவில்லை.

மாமியார் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். தேய்க்கிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இருட்டுல என்னத்தைத் தேய்க்கிறே? வாசல் லைட்டைப் போட்டுக்கோயேன்."

வெயில் பலகைமேல் சுளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்து போய் ஸ்விட்சைத் தட்டி, "போட்டுட்டேன் அத்தை," என்றாள். திரும்பி வந்து உட்கார்ந்து இன்னும் வேகமாகத் தேய்த்தாள். மாமியாருக்கு அவள் ஒரு முகம் கடன்பட்டிருக்கிறாள், இடது புருவத்தில் தழும்போடு. அதை அவள் இன்னும் கொடுக்கவில்லை.